ஏற்காட்டு மலையில் ஸ்டவ் மக்கர் செய்தால்: அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

சேலத்தில் வீட்டு வாசலில் பற்றவைத்துப் பார்த்தபோது ஜம்மென்று எரிந்த ஸ்டவ், 20 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி மேலே போனதும் சுணங்கிவிடும். உடனே ஸ்டவ் போச்சு என்று முடிவு கட்டி ஸ்பேனரைத் தேடுகிறார்கள். பெரும்பாலும் ஸ்டவ்வில் கோளாறு இருக்காது. சேலம் ஏறக்குறைய 280 மீட்டர் உயரம், ஏற்காடு 1,500 மீட்டர். டிசம்பர், ஜனவரி விடியற்காலையில் வெப்பநிலை 12, 13 டிகிரிக்கு இறங்கும். பகோடா பாயின்ட் பக்கம் காற்று நிற்காது, அதோடு மூடுபனி. குளிரும் காற்றும் ஈரமும் முதலில் எரிபொருளைத்தான் பதம் பார்க்கும். எனவே தேடும் வரிசை இதுதான்: முதலில் தீயின் நிறம், அடுத்து எரிபொருளின் சூடு, பிறகு காற்று. ஸ்டவ்வைக் கழற்றுவது கடைசி.

எதை எடுத்துப் போவது என்று இன்னும் முடிவு செய்யாதவர்களுக்கு ஒரு வார்த்தை. 2 முதல் 4 பேர், ஒரு ராத்திரி என்றால் பெட்டியில் வரும் போர்ட்டபிள் கேஸ் ஸ்டவ்வும் 220 கிராம் பியூட்டேன் கேனும் போதும். முதுகில் சுமந்து நடப்பவர்களுக்குக் கேன் மேலேயே திருகும் சின்ன பர்னர். 10 பேருக்கு மேல் வேனில் போனால் 5 கிலோ சிலிண்டரும் ஒற்றை பர்னரும். மண்ணெண்ணெய் பம்பு ஸ்டவ் குளிருக்கு அசராது. ஆனால் அதன் குணம் தெரிந்த ஒருவர் கூட இருக்க வேண்டும். திரி ஸ்டவ்வை வீட்டிலேயே விட்டுவிடுங்கள், மலைக்காற்றில் அது புகைதான் போடும்.

எரிபொருளை எங்கே வாங்குவது என்பதும் முக்கியம். ஏற்காடு எக்ஸ்பிரஸிலோ வேறு ரயிலிலோ வருபவர்கள் கேஸ் கேனைப் பையில் வைத்துக் கொண்டுவரக் கூடாது. 1989 ரயில்வே சட்டத்தின் 164ஆம் பிரிவில் 3 ஆண்டு வரை சிறைத் தண்டனைக்கு இடம் உண்டு. பஸ்ஸிலும் அனுமதி கிடையாது. சேலத்தில் இறங்கி வாங்கி, சொந்த வண்டியில் ஏற்றிக்கொள்வதுதான் வழி. ஏப்ரல், மே மாதம் என்றால் பூட்டிய காரின் டேஷ்போர்டில் கேனை வைத்துவிட்டுச் சாப்பிடப் போகாதீர்கள். கேன் தாங்க வேண்டிய எல்லை 50 டிகிரி. சேலத்து வெயிலில் நிற்கும் கார் அதை எளிதாகத் தாண்டும்.

டென்ட்டுக்குள் தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல்

இதில் காரணம் தேடிக்கொண்டு உட்காரக் கூடாது. எல்லோரையும் உடனே வெளியே கொண்டுவாருங்கள், தூங்குபவரையும் எழுப்புங்கள். அடுப்போ கரிச்சட்டியோ மூடிய இடத்தில் எரிந்தால் கார்பன் மோனாக்சைடு சேரும். அதற்கு மணமோ நிறமோ கிடையாது. குளிருக்கு இதமாக இருக்கட்டும் என்று கரி கனியும் சட்டியை டென்ட்டுக்குள் வைத்துத் தூங்குவதுதான் மிக ஆபத்தான பழக்கம். கரி மேலே சாம்பல் பூத்து அடங்கியதுபோல் தெரிந்தாலும் வாயு வந்துகொண்டேதான் இருக்கும். வெளியே வந்தும் தெளியவில்லை என்றால் 108ஐ அழையுங்கள். சமையல் மழையிலும் வெளியேதான். தார்ப்பாயைத் தலைக்கு மேல் மட்டும் கட்டி, பக்கங்களைத் திறந்து விடுங்கள்.

கேனில் கேஸ் இருக்கிறது, தீ மட்டும் சிறுத்துக்கொண்டே போகிறது

ஏற்காட்டில் அதிகம் கேட்கும் புகார் இது. கேனைத் தொட்டுப் பாருங்கள். ஐஸ் போலச் சில்லிட்டு, வெளியே வியர்த்திருந்தால் கோளாறு கேனின் சூட்டில்தான்.

கேனுக்குள் இருப்பது திரவ பியூட்டேன். அது ஆவியாகித்தான் பர்னருக்கு வர வேண்டும். ஆவியாவதற்கு வேண்டிய சூட்டை அது தன்னிடமிருந்தே எடுத்துக்கொள்கிறது, அதனால் எரிய எரியக் கேன் குளிர்ந்துகொண்டே போகும். பியூட்டேனின் கொதிநிலை மைனஸ் அரை டிகிரி. 30 டிகிரி வெயிலில் ஆரம்பித்தால் குளிர்ந்த பிறகும் அழுத்தம் மிச்சம் இருக்கும். 12 டிகிரியில் ஆரம்பித்தால் பத்துப் பதினைந்து நிமிடத்தில் அழுத்தம் சரிந்துவிடும். கேன் பாதிக்குக் கீழே போனதும் இது இன்னும் சீக்கிரம் நடக்கும், குறைந்த திரவம் வேகமாகக் குளிரும் என்பதால்.

செய்ய வேண்டியது:

1. ராத்திரி கேனை வெளியே விடாமல் போர்வைக்குள்ளோ உறங்கும் பைக்குள்ளோ வையுங்கள். பாதி வேலை இதிலேயே முடிந்தது.
2. திருகு வகைக் கேனாக இருந்தால் ஒரு தட்டில் ஓர் அங்குலம் வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றி, கேனை அதற்குள் நிறுத்தியே சமைக்கலாம். கை வைத்தால் இதமாக இருக்கும் சூடு போதும். கொதிநீர் கூடவே கூடாது.
3. பெட்டி ஸ்டவ்வில் கேன் உள்ளே படுத்திருப்பதால் தண்ணீர் வைக்க முடியாது. இரண்டு கேன்களை மாற்றி மாற்றிப் போடுங்கள். ஒன்று எரியும்போது மற்றொன்று ஜெர்கினுக்குள் இருக்கட்டும்.
4. ஈரப் பாறையின் மேல் ஸ்டவ்வை நேராக வைக்காதீர்கள். ஒரு பலகைத் துண்டு அல்லது மடித்த அட்டை போதும்.

கேனைத் தீயில் காட்டிச் சூடாக்குவதை எந்த அவசரத்திலும் செய்யக் கூடாது.

அடிக்கடி குளிர்காலத்தில் போகிறவர்கள் வாங்கும்போதே லேபிளைப் படிக்கலாம். ஐசோபியூட்டேன் மைனஸ் 11, 12 டிகிரி வரையிலும் புரொப்பேன் மைனஸ் 42 வரையிலும் ஆவியாகும். இந்தக் கலவைக் கேனுக்கு விலை அதிகம். ஏற்காட்டுக் குளிருக்கு வெறும் பியூட்டேனே, மேலே சொன்னபடி பார்த்துக்கொண்டால், தாக்குப்பிடிக்கும்.

பெட்டி ஸ்டவ் தானாக அணைகிறது, கேனைப் பூட்டும் லீவர் எழும்பி நிற்கிறது

இது கோளாறு அல்ல, பாதுகாப்பு வசதி. கேன் சூடாகி அழுத்தம் ஏறினால் ஸ்டவ் தானே கேனை விடுவித்துவிடும். லீவரைக் கட்டியோ அழுத்திப் பிடித்தோ மறுபடி எரிய வைப்பவர்கள் வெடிகுண்டோடு விளையாடுகிறார்கள்.

ஏன் சூடேறியது என்று பாருங்கள். பெரிய தோசைக்கல் போட்டிருப்பீர்கள். பாத்திரத்தின் விளிம்பு கேன் அறையின் மூடிக்கு மேலே நீளவே கூடாது. நீண்டால் சூடு முழுவதும் கேனுக்கு இறங்கும். இரண்டு ஸ்டவ்வை ஒட்டி வைத்து ஒரே பெரிய கல்லைப் போடுவது அதைவிட மோசம். அடுத்த சந்தேகம் பாத்திரம் தாங்கும் வளையம். பல மாடல்களில் பெட்டிக்குள் அடங்குவதற்காக அதைத் தலைகீழாக வைத்து அனுப்புகிறார்கள், திருப்பிப் போடாமலே சமைக்கிறவர்கள் ஏராளம். மூன்றாவது, பர்னரைச் சுற்றி அலுமினியத் தாள் சுற்றுவது. அதை எடுத்துவிடுங்கள். கேன் ஆறும்வரை 20 நிமிடம் நிழலில் வைத்துவிட்டு மறுபடி பூட்டுங்கள்.

திடீரென்று மஞ்சளாகச் சீறி ஓர் அடி உயரத்துக்கு எழுகிறது

ஆவிக்குப் பதில் திரவம் பர்னருக்குப் போகிறது. உடனே ஸ்டவ்வின் குமிழைத் திருகி மூடுங்கள். பெட்டி ஸ்டவ் கேனின் கழுத்து வளையத்தில் ஒரு சின்ன வெட்டு இருக்கும். கேனைப் படுக்க வைக்கும்போது அந்த வெட்டு மேலே பார்க்க வேண்டும். உள்ளே வளைந்திருக்கும் குழாய் அப்போதுதான் திரவத்துக்கு மேலே, ஆவி இருக்கும் இடத்தில் நிற்கும். வெட்டு கீழே போனால் குழாய் திரவத்தில் முங்கிவிடும். வெட்டு சரியாக இருந்தும் சீறினால் ஸ்டவ் சாய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். மலையில் சமதரை கிடைப்பதே அபூர்வம். திருகு வகையில் கேன் கவிழ்ந்தாலோ, எரியும்போது தூக்கி ஆட்டினாலோ இதேதான் நடக்கும்.

தீ மஞ்சள், பாத்திரத்தின் அடியில் கரி

கேஸோடு கலக்கும் காற்று போதவில்லை. வருஷத்துக்கு ஒரு தடவை பரணிலிருந்து இறக்கும் ஸ்டவ்வில் முதல் சந்தேகம் பூச்சி. பர்னருக்குப் போகும் குழாயில் சிலந்தி வலையோ குளவி கட்டிய மண்கூடோ இருக்கும். பர்னரைக் கழற்றி, பாட்டில் கழுவும் மெல்லிய பிரஷ்ஷால் குழாயை இழுத்துத் துடையுங்கள். ஜெட்டின் (கேஸ் வெளிவரும் சின்ன முனையின்) துளையைப் பெரிய ஊசியால் குத்தாதீர்கள். துளை பெரிதானால் அந்த ஸ்டவ் அதற்குப் பிறகு மஞ்சளாகத்தான் எரியும். ஊதிவிடுவது போதும். சுத்தம் செய்தும் மாறாவிட்டால் காற்று வரும் திறப்பின் தகட்டைச் சற்று திறந்துவிடுங்கள். மலை மேலே காற்றின் அடர்த்தி சேலத்தைவிட ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கு குறைவு என்பதால் கீழே சரியாக இருந்த திறப்பு மேலே போதாமல் போகலாம். நீலத் தீயில் அவ்வப்போது ஆரஞ்சுப் பொறி மட்டும் பறந்தால் அது தூசி, விட்டுவிடலாம்.

எரிகிறது, ஆனால் தண்ணீர் கொதிக்கவே மாட்டேன் என்கிறது

காற்று. தடுப்பு இல்லாமல் காற்றில் வைத்த ஸ்டவ்வின் சூட்டில் பாதிக்கு மேல் பக்கவாட்டில் பறந்துவிடும். கணக்காகவே பார்க்கலாம். 15 டிகிரித் தண்ணீர் ஒரு லிட்டரைக் கொதிக்க வைக்க, மறைவான இடத்தில் மூடி போட்ட பாத்திரத்தில் சுமார் 15 கிராம் கேஸ் ஆகும். மூடி இல்லாமல் காற்றில் வைத்தால் இரண்டு மடங்கு போனாலும் ஆச்சரியமில்லை. 220 கிராம் கேன் பெட்டி ஸ்டவ்வில் முழுத் தீயில் ஒன்றரை மணி நேரத்துக்குள் தீர்ந்துவிடும் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

காற்று வரும் பக்கம் பாறை, பை, வண்டி என்று எதையாவது மறைப்பாக வையுங்கள். தகரத் தடுப்பு வைத்தால் மூன்று பக்கம் மட்டும். நான்கு பக்கமும் மூடினால் சூடு திரும்பிக் கேனுக்கே வரும். சோதனை எளிது: நடுநடுவே கேனைத் தொடுங்கள். கையை வைத்திருக்க முடியவில்லை என்றால் தடுப்பை எடுத்துவிட்டு ஸ்டவ்வை அணையுங்கள்.

கொதிக்கிறது, ஆனால் பருப்பு வேகவில்லை

இதில் ஸ்டவ்வைக் குறை சொல்லிப் பயனில்லை. ஏற்காட்டில் தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். 300 மீட்டர் ஏறினால் ஒரு டிகிரி குறையும் என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம். தீயை எவ்வளவு கூட்டினாலும் அந்த 95ஐத் தாண்டாது, தண்ணீர்தான் வற்றும். திறந்த குண்டானில் துவரம்பருப்பு ஒரு மணி நேரமானாலும் நறுக்கென்றே நிற்கும்.

விடை குக்கர். வெயிட் போட்ட குக்கருக்குள் அழுத்தம் வெளிக்காற்றைவிட ஏறக்குறைய ஒரு மடங்கு கூடுவதால், சமவெளியில் 121 டிகிரி என்றால் இங்கே 118 வரும். வீட்டில் 4 விசில் என்றால் இங்கே 5. பருப்பை முன்கூட்டியே ஒரு மணி நேரம் ஊறப்போட்டால் அந்தக் கூடுதல் விசிலும் வேண்டாம். 3 லிட்டர் குக்கர் சுமை என்று நினைப்பவர்கள் அது மிச்சப்படுத்தும் கேஸைக் கணக்குப் பார்க்கட்டும். குக்கரே வேண்டாம் என்றால் சமையலை மாற்றுங்கள். ஊறவைத்த சேலத்து ஜவ்வரிசி உப்புமா பத்து நிமிடத்தில் முடியும். முதல் நாள் மாலைக்குச் செவ்வாய்ப்பேட்டையிலிருந்து தட்டுவடையும் சட்னியும் கட்டிக்கொண்டு போனால் அடுப்பே வேண்டாம்.

பம்பு ஸ்டவ்: அடித்தாலும் காற்று ஏறவில்லை

பம்பு இலகுவாகப் போய் வருகிறதா? தோல் வாஷர் காய்ந்து சுருங்கியிருக்கிறது. பம்பு மூடியைத் திருகிக் கழற்றி, தண்டை உருவி, வாஷரின் விளிம்பை விரலால் குடை போல விரித்து எண்ணெய் தடவுங்கள். இங்கேதான் ஏற்காட்டுக்கே உரிய ஒரு தப்பு நடக்கிறது: கைக்கு அகப்பட்ட தேங்காய் எண்ணெயைத் தடவிவிடுகிறார்கள். அது 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும். சேலத்தில் மெத்தென்று இருந்த வாஷர் காலையில் மரக்கட்டையாகியிருக்கும். விளக்கெண்ணெயோ தையல் மிஷின் எண்ணெயோ போடுங்கள்.

அடித்த தண்டு தானே மேலே எழும்பி வருகிறதா, பம்புக் குழலில் மண்ணெண்ணெய் நிற்கிறதா? வாஷர் சரி, குழலின் அடியில் உள்ள வால்வு பிடிக்கவில்லை. அதன் சின்ன ரப்பரோ கார்க்கோ தேய்ந்திருக்கும். அதற்கு நீளமான சாவி வேண்டும், மலையில் முடியாத வேலை. கிளம்பும் முன்பே கீழே ரிப்பேர் கடையில் பார்த்துவிடுங்கள்.

இரண்டும் சரியாக இருந்தும் காற்று இறங்கினால், மண்ணெண்ணெய் ஊற்றும் மூடியின் வாஷரையும் காற்றுத் திருகையும் (டாங்கின் அழுத்தத்தை வெளியே விடும் திருகு) சோப்பு நுரை போட்டுப் பாருங்கள்.

பம்பு ஸ்டவ்: மஞ்சள் தீ கொழுந்துவிட்டு எழுகிறது, மண்ணெண்ணெய் வழிகிறது

பர்னர் சூடாகாமலே பம்பு அடித்துவிட்டீர்கள். காற்றுத் திருகைத் திறந்து அழுத்தத்தை விடுங்கள், தீ அடங்கட்டும். வழிந்ததைத் துடைத்துவிட்டு முதலிலிருந்து தொடங்குங்கள். பர்னரின் கிண்ணியில் ஸ்பிரிட் நிரப்பி, காற்றுத் திருகு திறந்த நிலையிலேயே எரிய விட வேண்டும். சேலத்தில் ஒரு கிண்ணி போதும். குளிர்ந்த மலைக்காலையில் இரண்டு கிண்ணி; முதலாவது முழுதாக அணைந்து கிண்ணி ஆறிய பிறகே இரண்டாவதை ஊற்ற வேண்டும். பகலில் ஸ்பிரிட் தீ கண்ணுக்குத் தெரியாது, அணைந்துவிட்டது என்று நினைத்துப் பாட்டிலைச் சாய்த்தால் தீ பாட்டிலுக்குள் ஏறும். இரண்டாவது கிண்ணி அணையப் போகும் தருணத்தில் திருகை மூடி, நாலைந்து தடவை மட்டும் மெதுவாக அடியுங்கள். நீலமாக இரைந்தால் மேலும் அடிக்கலாம்.

தீ விட்டுவிட்டு வந்தால் நிப்பிளில் (பர்னரில் மண்ணெண்ணெய் ஆவி வெளிவரும் சின்னத் துளை) கரி. ஸ்டவ் பின்னைச் செங்குத்தாக ஒரே தடவை விட்டு எடுங்கள். அதோடு டாங்கில் தண்ணீர் கலந்திருக்கிறதா என்றும் பாருங்கள்; கண்ணாடி டம்ளரில் கொஞ்சம் ஊற்றி வைத்தால் தண்ணீர் அடியில் தங்கும். டாங்கில் முக்கால் பங்குக்கு மேல் ஊற்ற வேண்டாம். முழுத் தீயில் ஒரு லிட்டர் ஏறக்குறைய 4 மணி நேரம் வரும். பெட்ரோல் இருந்த கேனில் மண்ணெண்ணெய் வாங்கவே கூடாது. கொஞ்சம் கலந்தாலும் பம்பு ஸ்டவ் வெடிக்கும்.

5 கிலோ சிலிண்டர்: நாற்றம், அல்லது பர்னரை விட்டு எகிறும் தீ

நாற்றம் வந்தால் தீக்குச்சி உரசிப் பார்க்காதீர்கள், சோப்பு நுரை போடுங்கள். கேஸ் காற்றைவிடக் கனமானது, பள்ளத்திலும் டென்ட் தரையிலும் போய்த் தேங்கும். அதனால் சிலிண்டர் இருக்கும் இடம் டென்ட்டுக்கு மேற்புறச் சரிவாக இருக்கக் கூடாது. கசிவு நிற்கவில்லை என்றால் ரெகுலேட்டரைக் கழற்றி, வால்வுக்குப் பாதுகாப்பு மூடியைப் போட்டுவிட்டு கேஸ் கசிவுக்கான அவசர எண் 1906ஐ அழையுங்கள்.

தீ பர்னரை விட்டு எகிறி இரைந்தால், பெரிய பந்தல் அடுப்புக்கான ஹை பிரஷர் ரெகுலேட்டரை வீட்டு பர்னரில் மாட்டியிருக்கிறீர்கள். மாற்றுங்கள், ட்யூபும் தாங்காது. ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லாமல் கடைகளில் தொங்கும் குட்டிச் சிலிண்டர்களை வாங்காதீர்கள். வீட்டு சிலிண்டரிலிருந்து பியூட்டேன் கேனில் நிரப்பித் தரும் வேலையும் வேண்டாம். வீட்டு கேஸில் புரொப்பேன் கலந்திருப்பதால் அழுத்தம் அதிகம், கேனின் தகரம் அதற்காகச் செய்யப்பட்டதல்ல.

விறகு புகைகிறது, பற்றவில்லை

மூடுபனி ஊறிய விறகு அப்படித்தான். பட்டையை உரித்து, பிளந்து, உள்பக்கத்துச் சிராய்களால் ஆரம்பியுங்கள். ஓடைக்குள் கிடந்த கல்லை அடுப்புக்கல்லாக வைக்காதீர்கள், உள்ளே ஊறிய நீர் ஆவியாகிக் கல் தெறிக்கும். கணுவோடு கூடிய மூங்கிலும் வெடிக்கும். அரளிக் குச்சியை அடுப்பிலும் போடக் கூடாது, அதில் குத்திக் கறியும் சுடக் கூடாது; விஷம். காப்பித் தோட்டத்தில் கிடக்கும் சில்வர் ஓக் கிளை தோட்டக்காரருடையது, கேட்டுத்தான் எடுக்க வேண்டும். காப்புக்காட்டுக்குள் தீ மூட்டுவதற்கே 1882 தமிழ்நாடு வனச் சட்டத்தில் தடை. பிப்ரவரி முதல் மே வரை சேர்வராயன் மலைச் சரிவுப் புல் காய்ந்து கிடக்கும், அப்போது அனுமதி உள்ள இடத்திலும் விறகை விட்டுவிட்டு கேஸுக்குப் போவதே சரி.

பட்டன் அழுத்தினால் பொறி வரவில்லை

ஈரம். பொறி தெறிக்கும் முனையை உலர்ந்த துணியால் துடைத்து, அதற்கும் பர்னருக்கும் நடுவே 3, 4 மில்லிமீட்டர் இடைவெளி இருக்கிறதா என்று பாருங்கள். எப்படியும் இரண்டு தீப்பெட்டி பிளாஸ்டிக் டப்பாவில் இருக்கட்டும்.

கேனில் எவ்வளவு மிச்சம்?

குலுக்கிப் பார்த்துச் சொல்வது ஊகம். வாங்கிய அன்றே சமையலறைத் தராசில் எடை போட்டு, அந்த எண்ணைக் கேன் மேலேயே மார்க்கரால் எழுதுங்கள். திரும்பி வந்து போட்ட எடை எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு செலவு. திருகு வகைக் கேனைத் தண்ணீரில் மிதக்கவிட்டும் பார்க்கலாம், புதுக் கேன் மிதக்கும் மட்டத்தைக் கோடு போட்டு வைத்திருந்தால். 5 கிலோ சிலிண்டருக்குப் பக்கவாட்டில் ஒரு டம்ளர் வெந்நீர் ஊற்றி, மேலிருந்து கீழாகக் கையால் தடவுங்கள். சட்டென்று சில்லிடும் இடம்தான் கேஸின் மட்டம். காலிக் கேனை அடுப்பில் போடாமல், அழுத்தம் முழுதும் போகும்வரை திறந்தவெளியில் எரித்துத் தீர்த்து, சேலத்துக்கே திருப்பிக் கொண்டுவாருங்கள்.